பயிர்ச் சோதனை முடிவுகளை அச்சுக்கு ஏற்ற அட்டவணையாக்குதல்: புதுக்கோட்டை மாவட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வின் எல்லை

ஆய்விதழைக் கையில் எடுப்பவர்களில் பலர் கட்டுரை முழுவதையும் படிப்பதில்லை. தலைப்பையும் சுருக்கத்தையும் பார்த்துவிட்டு நேரே அட்டவணைக்குப் போகிறார்கள். ஆய்வாளரின் வாதம் உண்மையில் அங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது. அப்படியிருந்தும் அட்டவணை அமைப்பதைக் கடைசி நாள் வேலையாக, தட்டச்சு செய்பவரின் பொறுப்பாக விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எந்த எண்ணை எந்த வடிவில் அச்சிடுவது என்பதும் பகுப்பாய்வின் ஒரு பகுதியே என்பது இக்கட்டுரையின் நிலைப்பாடு. கோடு, எழுத்துரு பற்றிய பேச்சு அதற்குப் பிறகுதான்.

இதற்குப் புதுக்கோட்டை மாவட்டத்தை எடுத்துக்கொள்ளக் காரணம் உண்டு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் ஆலங்குடியை அடுத்த வம்பனில் இயங்குகிறது. வம்பன் 8, வம்பன் 10, வம்பன் 11 எனத் தமிழக உழவர்கள் கேட்டு வாங்கும் உளுந்து ரகங்கள் அந்தச் செம்மண்ணிலிருந்து வந்தவை. ஒரு ரகம் வெளியாகும் முன் அது பல பருவங்களில், பல இடங்களில் சோதனைக்கு உள்ளாகிறது. ஒவ்வொரு சோதனையும் ஓர் அட்டவணையில் முடிகிறது. அந்த அட்டவணையின் ஒரு வரியைப் பார்த்துத்தான் ரகம் முன்னேறுவதும் கைவிடப்படுவதும் முடிவாகின்றன. இம்மாவட்டத்தின் மக்கள்தொகைக் கணக்கும் ஒரு முக்கியமான பாடத்தைத் தருகிறது. முதலில் அதைப் பார்ப்போம்.

2. எதனால் வகுத்தோம்?

2011 கணக்கெடுப்பின்படி மாவட்டத்தின் அடிப்படை எண்கள் இவை:

| | ஆண் | பெண் | மொத்தம் |
|---|---|---|---|
| மக்கள்தொகை | 8,03,188 | 8,15,157 | 16,18,345 |
| 0–6 வயதுக் குழந்தைகள் | 91,696 | 87,992 | 1,79,688 |
| எழுத்தறிவு (%)* | 85.56 | 69.00 | 77.19 |

*7 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் விகிதம்.

மூன்றாம் வரிசையின் உடுக்குறியை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? வாசகர் 77.19 விழுக்காட்டை 16,18,345-இன் பங்காக எடுத்துக்கொள்வார். எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் ஏறத்தாழ 12.5 லட்சம் பேர் என்று கணக்கிடுவார். அது தவறு. குழந்தைகளைக் கழித்தால் மிஞ்சுவது 14,38,657 பேர். அதில் 77.19 விழுக்காடு ஏறத்தாழ 11.1 லட்சம். அதே 11.1 லட்சத்தை முழு மக்கள்தொகையால் வகுத்தால் எழுத்தறிவு 68.6 விழுக்காடாகத் தெரியும். எண்ணப்பட்டவர்களில் எந்த மாற்றமும் இல்லாமலே எட்டுப் புள்ளிக்கு மேல் இடைவெளி வந்துவிடுகிறது.

இந்த மாவட்டத்தில் இது வெறும் கணக்கு விளையாட்டு ஆகாது. 1991-இல் ஷீலா ராணி சுங்கத் ஆட்சியராக இருந்தபோது இங்கே எழுந்த அறிவொளி இயக்கம் நாடறிந்தது. கல்குவாரித் தொழிலாளியும் விவசாயக் கூலியும் எழுத்துக் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அந்த இயக்கத்தின் பயனைக் கணக்கெடுப்பு எண்களோடு ஒப்பிட முற்படும் ஆய்வாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 1988-இல் தொடங்கிய தேசிய எழுத்தறிவு இயக்கம் முதன்மையாகக் கருதியது 15 முதல் 35 வயதுவரை உள்ளவர்களை. கணக்கெடுப்பு எண்ணுவது 7 வயதும் அதற்கு மேலும் உள்ள அனைவரையும். இரண்டையும் ஒரே நெடுவரிசையில் குறிப்பின்றி அடுக்கினால் அந்த அட்டவணை பொய் சொல்கிறது, எண்கள் ஒவ்வொன்றும் சரியாகவே இருந்தாலும்.

மாவட்டத்தின் பரப்பு 4,663 சதுர கி.மீ. என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. மக்கள்தொகையை அதனால் வகுத்தால் அடர்த்தி 347 வரும். கணக்கெடுப்பு தரும் அடர்த்தியோ 348. ஓர் எண்தானே என்று விட்டுவிடலாம். ஆனால் பரப்பை ஒரு மூலத்திலிருந்தும் அடர்த்தியை வேறொரு மூலத்திலிருந்தும் எடுத்து அருகருகே வைத்தவரை இந்த ஓர் எண் காட்டிக்கொடுத்துவிடும். ஆய்விதழின் மதிப்பீட்டாளர் முதலில் செய்வது இப்படி வகுத்துப் பார்ப்பதுதான்.

3. தராசும் தசமமும்

இனி வயலுக்கு வருவோம். உளுந்துச் சோதனையில் ஒரு பாத்தியின் அறுவடைப் பரப்பு 12 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பாத்தியில் கிடைத்த மணியின் எடையைக் கிராமில் எடுத்து, எக்டேருக்குக் கிலோவாக மாற்றுகிறோம். 10,000-ஐ 12-ஆல் வகுத்து, ஆயிரத்தாலும் வகுத்தால் பெருக்கும் எண் 0.833. அதாவது பாத்தியில் 10 கிராம் கூடினால் எக்டேர் கணக்கில் 8.3 கிலோ கூடும். தராசு 10 கிராம் அளவுக்குத்தான் காட்டும் என்றால், "812.37" என்று அச்சாகும் விளைச்சலில் தசமப் புள்ளிக்குப் பின்னால் உள்ளவை வகுத்தலின் எச்சம் மட்டுமே. வயலில் அவை விளையவில்லை. பாத்தி ஓரத்தில் உதிர்ந்த நெற்றுகளும் அறுவடையின்போது மணியில் இருந்த ஈரமும் அந்தத் தசமங்களைப் போலப் பல மடங்கு பிழையைக் கொண்டுவந்திருக்கும்.

இலக்கங்களைக் குறைக்கச் சொன்னவர்களில் பிரிட்டிஷ் புள்ளியியலாளர் எரன்பெர்க் முக்கியமானவர். 1977-இல் வெளியான தம் கட்டுரையில், அட்டவணையில் மாறுபடும் இலக்கங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை முழுமையாக்கிவிடுங்கள் என்றார். கண்ணும் மனமும் ஒரே நேரத்தில் பிடித்துக்கொள்ளும் அளவு அவ்வளவுதான் என்பது அவர் வாதம். விளைச்சலுக்கு முழு எண் போதும். நூறு மணியின் எடைக்கு ஒரு தசமம், தேவைப்பட்டால் இரண்டு. செடிக்கு எத்தனை நெற்று என்பதற்கு ஒன்று. ஆய்வேட்டின் எல்லா நெடுவரிசைகளிலும் ஒரே சீராக இரண்டு தசமம் இருக்க வேண்டும் என்ற வழக்கம் அழகுக்காக வந்தது. அறிவியலில் அதற்கு ஆதாரம் இல்லை.

எரன்பெர்க் சொன்ன இன்னொன்று நம் சோதனை அட்டவணைகளுக்கு அப்படியே பொருந்தும். வரிசைகளை டிரீட்மென்ட் எண்ணின்படி டி1, டி2, டி3 என்று அடுக்குவதைவிட, விளைச்சலின் இறங்குவரிசையில் அடுக்கினால் வாசகர் ஒரே பார்வையில் முடிவைக் காண்பார். ஒப்பு ரகத்தை மட்டும் இடம் மாற்றாமல், கீழே ஒரு மெல்லிய கோட்டுக்கு அடியில் தனியாக வைக்கலாம். புதிய ரகங்கள் எல்லாம் அதைத் தாண்டினவா என்பதுதானே கேள்வி.

4. கடைசி மூன்று வரிகள்

தமிழகத்தில் வேளாண் ஆய்வேடு எழுதிய யாருக்கும் அட்டவணையின் அடியில் வரும் வரிகள் மனப்பாடம்: எஸ்.இ.டி. (வேறுபாட்டின் திட்டப்பிழை), சி.டி. (5% நிலையில் முக்கியத்துவம் பெறும் வேறுபாட்டின் குறைந்த அளவு), சி.வி. (மாறுபாட்டுக் கெழு). 1954-இல் வெளிவந்த பான்சே, சுகாத்மே இருவரின் புள்ளியியல் நூலும், பிலிப்பைன்ஸின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் உருவாகி 1984-இல் விரிவான இரண்டாம் பதிப்பாக வந்த கோமெஸ் தம்பதியின் நூலும் இந்த மரபை இங்கே நிலைநிறுத்தின. நல்ல மரபு. ஒவ்வொரு சராசரிக்கும் பக்கத்தில் பிழையை எழுதி நெரிசல் உண்டாக்காமல், எல்லாவற்றுக்கும் பொதுவான பிழையை ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. இந்த வரிகள் எங்கிருந்து வருகின்றன என்பது தெரியாமல் பிரதியெடுக்கும்போதுதான் கோளாறு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டும். 12 ரகங்கள், 3 ரெப்ளிகேஷன், ரேண்டமைஸ்டு பிளாக் டிசைன். பிழைக்குரிய டிகிரி ஆஃப் ஃபிரீடம் 11 × 2 = 22. பகுப்பாய்வில் பிழையின் சராசரி வர்க்கம் 5,400 என்று வந்தது. அதை இரண்டால் பெருக்கி, மூன்றால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் எஸ்.இ.டி. 60. 22 டிகிரிக்கு 5% நிலையில் டி அட்டவணை மதிப்பு 2.074. இரண்டையும் பெருக்கினால் சி.டி. 124.4. பொதுச் சராசரி 800 என்றால் சி.வி. 9.2 விழுக்காடு.

இந்த வரிகளைப் பற்றிச் சில குறிப்புகள். எஸ்.இ.எம். என்பதும் எஸ்.இ.டி. என்பதும் ஒன்றில்லை. முதலாவது ஒரு சராசரியின் திட்டப்பிழை. இந்தக் கணக்கில் அது 42. இரண்டாவது இரு சராசரிகளின் வேறுபாட்டுக்கு உரியது. வெறுமனே "எஸ்.இ." என்று எழுதினால் எது என்று வாசகருக்குத் தெரியாது, ஒன்றை மற்றதாக எடுத்துக்கொண்டால் முடிவே தலைகீழாகும். கூட்டல்கழித்தல் குறியிட்டு எழுதுவோரும் அது திட்ட விலக்கமா, திட்டப்பிழையா என்பதைத் தலைப்பிலேயே சொல்ல வேண்டும்.

அடுத்தது, "என்.எஸ்." என்ற இரண்டெழுத்து. வேறுபாடு முக்கியத்துவம் பெறவில்லை என்றால் சி.டி. இடத்தில் இதை எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். எண் காணாமல் போகிறது. சோதனை துல்லியமாக நடந்து வேறுபாடு இல்லை என்று தெரிந்ததா, அல்லது வயல் ஏற்றத்தாழ்வால் எதையும் பார்க்க முடியாமல் போனதா? இரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு. எஸ்.இ.டி.யை எப்போதும் எண்ணாகவே அச்சிடுங்கள், என்.எஸ். என்பதை அதன் அருகே சேர்த்துக்கொள்ளலாம்.

12 ரகங்களுக்கு இடையே 66 இணைகள் உண்டு. எல்லா ரகங்களும் உண்மையில் சமமாக இருந்தாலும், 5% அளவில் எல்லா இணைகளையும் சி.டி.யைக் கொண்டு ஒப்பிட்டால் மூன்றுக்குக் குறையாத இணைகள் வேறுபட்டவை போலத் தோன்றும் என்று எதிர்பார்க்கலாம். சி.டி. என்பது ஒப்பு ரகத்தோடு முன்கூட்டியே திட்டமிட்ட ஒப்பீட்டுக்குத் தக்க கருவி. யாரை வேண்டுமானாலும் யாரோடும் மோதவிடுவதற்கு ஏற்றதில்லை. அப்படி ஒப்பிட 1955-இல் டங்கன் தந்த முறையையோ டுகியின் முறையையோ நாடி, சராசரியின் தோளில் அ, ஆ, இ அல்லது ஆங்கில எழுத்துகளை வைக்கிறார்கள். ஒரே எழுத்தைப் பகிர்ந்துகொள்பவை வேறுபட்டவை என்று சொல்ல முடியாதவை. எந்த முறை, எந்த நிலை என்பது அடிக்குறிப்பில் இல்லாவிட்டால் அந்த எழுத்துகளுக்குப் பொருளே இல்லை.

மஞ்சள் தேமல் நோயின் தாக்குதல் போன்ற விழுக்காட்டுத் தரவுகளில் இன்னொரு சிக்கல். பகுப்பாய்வுக்கு முன் அவற்றை ஆர்க்சைன் உருமாற்றம் செய்கிறோம். பூச்சிகளின் எண்ணிக்கையென்றால் 0.5 கூட்டி வர்க்கமூலம். பிறகு ஒரே கட்டத்தில் இரண்டு எண்களும் வருகின்றன, ஒன்று அடைப்புக்குறிக்குள். சில இதழ்களில் அடைப்புக்குள் இருப்பது உருமாறிய மதிப்பு, சிலவற்றில் மூல விழுக்காடு. அடியிலுள்ள சி.டி. உருமாறிய மதிப்புக்கு மட்டுமே உரியது. அதை எடுத்து மூல விழுக்காடுகளை ஒப்பிடும் வாசகர் தவறான முடிவுக்கு வருவார், அதுவும் அட்டவணையை நம்பியதால். குறிப்பு ஒரே வரிதான். அதை விடலாகாது.

5. ".000" என்னும் அச்சு

கலை, வணிகவியல் துறைகளின் ஆய்வேடுகளில் கேள்வித்தாள் வழி ஆய்வுகளே மிகுதி. அங்கே எஸ்.பி.எஸ்.எஸ். திரையில் வந்த அட்டவணை அப்படியே படமாக ஒட்டப்படுவதைக் காண்கிறோம். அதில் "சிக்." என்ற தலைப்பின் கீழ் .000 என்று இருக்கும். மென்பொருள் மூன்று தசமத்துக்கு மேல் காட்டாததால் வந்த தோற்றம் அது. பி மதிப்பு பூச்சியம் ஆவதில்லை. 0.001-க்குக் கீழ் என்று எழுதுவதே முறை. மற்ற இடங்களில் பி மதிப்பை 0.03, 0.21 என்று உள்ளபடி எழுத வேண்டும். அமெரிக்க உளவியல் கழகத்தின் முறை தசமத்துக்கு முன் உள்ள பூச்சியத்தை விட்டுவிடச் சொல்கிறது. வேளாண், மருத்துவ இதழ்கள் பல அதை வைத்துக்கொள்கின்றன. அனுப்பும் இதழின் வழக்கத்தைப் பின்பற்றினால் போதும்.

உடுக்குறிகளை மட்டும் தூவிவிட்டு எண்ணை மறைக்கும் பழக்கம் இதைவிடக் கவலை தருவது. 2016-இல் அமெரிக்கப் புள்ளியியல் சங்கம் வெளியிட்ட அறிக்கை, பி மதிப்பு ஒரு வரம்பைத் தாண்டியதா என்பதை மட்டும் வைத்து அறிவியல் முடிவு எடுக்கலாகாது என்றது. விளைவின் அளவு, அதன் 95% நம்பிக்கை இடைவெளி, எத்தனை பேர் என்ற எண்ணிக்கை: இந்த மூன்றும் உள்ள அட்டவணையில் உடுக்குறிகளுக்கு வேலை குறைவு. 120 பேரிடம் கேட்டதில் 43.33 விழுக்காடு என்று எழுதுவதைவிட "52 (43%)" என்று எழுதுவது நேர்மையானது. ஒவ்வொரு கேள்விக்கும் தனித்தனி அட்டவணை போட்டு, ஒவ்வொன்றின் அடியிலும் முதனிலைத் தரவு என்று எழுதி, ஐம்பது பக்கம் நிரப்பும் முறையைக் கைவிட வேண்டும் என்று நெறியாளர்களை வேண்டிக் கேட்கிறேன். பத்துக் கேள்விகளை ஒரே அட்டவணையில் வரிசைகளாக்கினால் அவற்றுக்கிடையே உள்ள உறவு தெரியும். தனித்தனியே சிதறடித்தால் மாணவருக்கே அது தெரியாமல் போகிறது.

6. குறிவிளக்கம் இல்லாத அட்டவணை

இதே மாவட்டத்தில் குடுமியான்மலை குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் இசைக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பண்ணின் பெயர் தலைப்பு, அதன்கீழ் சுரங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து சீரான வரிசைகளில் நிற்கின்றன. தலைப்பு, உட்பிரிவு, கட்டம் எல்லாம் உள்ள ஒழுங்கான அட்டவணை அது. ஆனால் ஒரே சுரம் உயிரொலி மாறி, ர, ரி, ரு, ரெ என்பது போல நான்கு வடிவில் வருகிறது. சில எழுத்துகளின் மேல் புள்ளி இருக்கிறது. இவை எதைக் குறிக்கின்றன என்று கல்லில் சொல்லப்படவில்லை. இறுதியில் எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்னும் பொருளில் ஒரு தமிழ் வரி உண்டு. எந்த எட்டு, எந்த ஏழு? 'எபிகிராஃபியா இண்டிகா'வின் பன்னிரண்டாம் தொகுதியில் பண்டார்கர் இதைப் பதிப்பித்தபின் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இசையறிஞர்கள் வாதிட்டு வருகிறார்கள்.

செதுக்கியவருக்கும் கற்றவருக்கும் அன்று விளக்கம் தேவைப்பட்டிருக்காது. அவர்களுடைய சூழல் போனபின் குறிகள் மட்டும் எஞ்சின. நம் ஆய்வு மைய அட்டவணைகளுக்கும் இதே நிலை வரக்கூடும். "ஆர்.டி.எஃப்.", "எஃப்.ஒய்.எம்." போன்ற சுருக்கங்கள் துறைக்குள் இருப்பவருக்குப் பழகியவை, துறை மாறி வருபவருக்குப் புதிர். அட்டவணை கட்டுரையிலிருந்து பிரிந்து தனியே போனாலும் பொருள் தர வேண்டும். எங்கே, எந்தப் பருவம், எத்தனை ரெப்ளிகேஷன், என்ன அலகு, விடுபட்ட பாத்திகள் எத்தனை, சுருக்கங்களின் விரிவு என்ன என்பவை தலைப்பிலும் அடிக்குறிப்பிலும் அடங்கிவிடும்.

7. தமிழில் அட்டவணை

வடிவத்தைப் பொறுத்தவரை உலக அளவில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. நெடுக்கோடுகள் வேண்டாம், மேலே ஒன்று, தலைப்பின் கீழ் ஒன்று, அடியில் ஒன்று எனக் கிடைக்கோடுகள் போதும். லேடெக் பயன்படுத்துவோருக்கு சைமன் ஃபியர் எழுதிய புக்டேப்ஸ் இதைத்தான் பரிந்துரைக்கிறது. எண்கள் தசமப் புள்ளியில் நேர்ப்பட வேண்டும். சொற்கள் இடப்பக்கம் சாய வேண்டும்.

தமிழுக்கென்று சில தேவைகள் உண்டு. நம் சொற்கள் நீளமானவை. "எக்டேருக்கு விளைச்சல் (கிலோ)" என்ற தலைப்பு நான்கு இலக்க எண்களைக் கொண்ட குறுகிய நெடுவரிசைக்கு மேல் உட்காராது. எழுத்து உடைந்து அடுத்த வரிக்குப் போகும். தலைப்பை இரண்டு அடுக்காகப் பிரித்து, பொதுவான சொல்லை மேலே விரித்து, அலகை அடுத்த அடுக்கில் இறக்குவது ஒரு வழி. நெடுவரிசைகளைக் கிடைவரிசையாக மாற்றிப்போடுவது இன்னொன்று. நீளமான பெயர்கள் வரிசையின் தொடக்கத்தில் வந்தால் இடம் தாராளமாகக் கிடைக்கும். பெரிய எண்களில் 16,18,345 என்ற நம் முறையா, 1,618,345 என்ற வெளிநாட்டு முறையா என்பதை முதலிலேயே முடிவுசெய்து இறுதிவரை மாறாமல் இருக்க வேண்டும். பழைய, யூனிகோடு அல்லாத எழுத்துருவில் தட்டச்சு செய்த அட்டவணைகளை யூனிகோடுக்கு மாற்றும்போது ஆங்கிலச் சுருக்கங்களும் குறிகளும் சிதைந்துவிடும். தொடக்கத்திலிருந்தே யூனிகோடில் வேலை செய்வது இந்தத் துன்பத்தைத் தவிர்க்கும்.

8. கை படாமல் எண் வரட்டும்

அட்டவணையில் பிழை நுழையும் பெருவழி, ஒரு திரையைப் பார்த்து இன்னொரு கோப்பில் தட்டச்சு செய்வது. எட்டு உளவியல் இதழ்களில் 1985 முதல் 2013 வரை வந்த கட்டுரைகளைக் கணினி கொண்டு சரிபார்த்த மிஷேல் நைட்டனும் உடன் ஆய்வாளர்களும், ஏறத்தாழ பாதிக் கட்டுரைகளில் குறைந்தது ஒரு பி மதிப்பாவது அதனுடன் தந்த சோதனை எண்ணோடும் டிகிரியோடும் பொருந்தவில்லை என்று கண்டார்கள். எட்டில் ஒன்றில் முடிவே மாறக்கூடிய அளவு பொருத்தமின்மை. 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் இருவரும் எழுதிய அரசுக் கடன் பற்றிய கட்டுரையில், எக்செல் சூத்திரம் இருபது நாடுகளில் ஐந்தை விட்டுவிட்டதை 2013-இல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாணவர் கண்டுபிடித்தார். அந்தச் சூத்திரப் பிழையோடு வேறு தேர்வுகளும் சேர்ந்து, கடன் மிகுந்த நாடுகளுக்கு 2.2 விழுக்காடாக இருக்க வேண்டிய சராசரி வளர்ச்சியை −0.1 ஆக்கியிருந்தன. மூல விரிதாளை ஆசிரியர்கள் கொடுத்ததால்தான் அது வெளிப்பட்டது. வயல் ஆய்வாளருக்கு எக்செல் தரும் தனித் தொல்லை ஒன்று உண்டு: பாத்தி எண்ணை "2-3" என்று இட்டால் அது தேதியாக மாறிவிடும். தரவை இடும் முன் அந்த நெடுவரிசையை எழுத்து வகையாக்கிவிட வேண்டும்.

பகுப்பாய்வு செய்யும் நிரலே அட்டவணையையும் எழுதித் தரும் வசதி இப்போது எல்லோருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது. ஆர் மொழியின் அக்ரிகோலே தொகுப்பு சராசரிகளையும் எழுத்துக்குறிகளையும் தரும்; ஃபிளெக்ஸ்டேபிள் அவற்றை வேர்ட் கோப்பாக்கும்; மாடல்சம்மரியும் ஜிடிசம்மரியும் மருத்துவ, சமூகவியல் அட்டவணைகளுக்கு ஏற்றவை. நிரல் எழுதத் தயங்குவோர் ஹிசார் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆப்ஸ்டாட்டைப் பயன்படுத்தலாம். வெளியீட்டை நகலெடுக்கும்போது ஒருவர் வாசிக்க இன்னொருவர் சரிபார்ப்பது அவசியம். குடுமியான்மலையில் வேளாண் கல்லூரியும் வம்பனில் ஆராய்ச்சி மையமும் உள்ள மாவட்டத்தில், இளநிலை மாணவர் முதல் சோதனையிலேயே இந்தப் பழக்கத்துக்கு வந்துவிட முடியும்.

9. பின்னால் வருபவரின் கணக்கு

இருபது ஆண்டு கழித்து ஒருவர் பல பருவச் சோதனைகளை ஒன்றுசேர்த்துப் பார்க்க நினைக்கலாம். அப்போது மூலப் பதிவேடு கிடைக்காமல் போகலாம்; அச்சான அட்டவணை கிடைக்கும். நான்காம் பகுதியின் சோதனையையே எடுத்துக்கொள்வோம். அவர் கையில் சி.டி. 124 என்றும், 3 ரெப்ளிகேஷன், 12 ரகங்கள் என்றும் மட்டும் இருந்தால்கூடப் போதும். 124-ஐ 2.074-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, மூன்றால் பெருக்கி, இரண்டால் வகுத்தால் பிழையின் சராசரி வர்க்கம் 5,362 வரும். உண்மையான 5,400-க்கு மிக அருகில். சி.டி.யை 124.4 என்று அச்சிட்டிருந்தால் 5,397 கிடைத்திருக்கும். ஆகவே சராசரிகளை முழு எண்ணாக்கினாலும், அடியிலுள்ள எஸ்.இ.டி., சி.டி. வரிகளுக்கு மட்டும் ஒரு தசமம் கூடுதலாக விடுவது நல்லது. அந்த இடத்தில் என்.எஸ். என்று மட்டும் இருந்தால், அந்தப் பருவத்தை அவர் தம் கணக்கில் சேர்க்கவே முடியாது.